கல்யாணத்துக்கு விட்ட வழி

எங்கள் வார்டில் வந்து மெம்பர் வீடு எது என்று கேட்டால் சரியாக என் வீட்டைக் காட்டுவார்கள். வீட்டுக்குள் வந்து மெம்பர் யார் என்று கேட்டால் என் வீட்டுக்காரரைக் காட்டுவார்கள். போஸ்டரில் இருந்தது என் முகம், ஓட்டு விழுந்தது எனக்கு, பஞ்சாயத்தில் போய் உட்காருவது நான். ஆனாலும் குழாயில் வெள்ளம் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரிடம்தான் சொல்வார்கள். அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். வருகிறவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்தபின் உள்பக்கம் திரும்பி, "ஏட்டி, உன்னைத் தேடித்தான் வந்திருக்காவ" என்று கூப்பிடுவார். அந்த மனுஷனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு எரிச்சலெல்லாம் ஊர்மேல்தான்.

பொதுசேவை செய்யவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவள் இல்லை நான். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கழுத்து இறக்கம் கூடிவிட்டது, கை பிடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பதே எனக்குப் போதுமான அரசியல். என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

கருங்கல் பக்கம் எங்கள் ஊர். இங்கே வீடுகள் தெருவாக வரிசையில் நிற்காது. ஒவ்வொன்றும் அதனதன் தென்னைக்கும் வாழைக்கும் நடுவில், தனித்தனி விளையில் இருக்கும். விளையைச் சுற்றி மண்ணைக் குழைத்து நெஞ்சு உயரத்துக்கு எழுப்பிய கையாலை. இரண்டு பக்கத்துக் கையாலைக்கும் நடுவில் மிச்சம் கிடக்கிற இடைவெளிதான் எங்களுக்கு வழி, இடவழி என்போம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் இடவழிக்குள் ஏழெட்டு வீடு. பைக் வரும். ஆட்டோ வராது. அந்த வழியின் கடைசி வீட்டில் இருக்கிற அக்காவுக்குத்தான் கிட்னி போய்விட்டது.

அக்கா எனக்குச் சொந்தமில்லை, பக்கத்து வீடு. ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் நான் அழுது மூக்கு சிந்திய முந்தானை அவளுடையது. அவளை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போகவேண்டும். போகும்போதாவது கையாலையைப் பிடித்து நடப்பாள். திரும்பும்போது காலில் உயிரே இருக்காது. ரப்பர் வெட்டுக்குப் போகிற அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கி வருவார்கள். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில் நான் தூக்குவேன். மழைக்காலத்தில் இடவழி தோடாகிவிடும், ஓடை மாதிரி வெள்ளம் ஓடும். கலங்கல் வெள்ளத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. "என்ன மக்கா, தேரு நிலைக்கு வந்து சேருமா?" என்பாள் அக்கா மேலேயிருந்து. ஒருமுறை நான் சறுக்கி, நாற்காலி சாய்ந்து, அவள் கையாலையைக் கட்டிப்பிடித்து நின்றாள். டயாலிசிஸுக்கு ஊசி போடுகிற கை அது. அவள் அன்றைக்கும் சிரித்தாள். நான்தான் வீட்டுக்கு வந்து தைத்துவைத்த ஜாக்கெட்டையெல்லாம் தூக்கி எறிந்தேன்.

மறு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போனேன். வரிசையில் நின்று, கால் கடுத்து, கொடுத்துவிட்டும் வந்தேன். பதில் வராமல் இருந்திருந்தால் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பதில் வந்து தொலைத்தது. பஞ்சாயத்திலிருந்து ஓவர்சியர் வந்து இடவழியை நடந்து பார்த்தார். "ரோடு போட எங்களுக்கு என்ன தடை? இரண்டு பக்கமும் கையாலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வழியைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுங்க. அடுத்த மாசமே போட்டுரலாம். உங்க ஆளுகளைப் பேசிச் சம்மதிக்க வைக்கிறது உங்க பாடு" என்றார்.

எங்கள் ஆட்களைப் பேசிச் சம்மதிக்க வைப்பது! அந்த மனுஷர் தெற்கத்திக்காரர் இல்லை போலிருக்கிறது. எங்கள் ஊரில் அண்ணன் தம்பிக்குள் கொலைவிழுந்தது என்றால் அது பொன்னுக்கும் பெண்ணுக்குமாக இருக்காது, அதிருக்காக இருக்கும். அதிரு என்றால் எல்லை. எங்கள் ஆட்கள் பசியோடு வந்தவனுக்குத் தன் சோற்றைக் கொடுப்பார்கள். அதிரில் ஒரு விரற்கடை கொடுக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், கட்டன் காப்பி தந்தார்கள். அக்காவுக்காகக் கண்கலங்காதவர் ஒருவரில்லை. "பாவம், எப்பிடி இருந்த பொம்பள." வழியைப் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறிவிடும். "நாங்க தர மாட்டோம்னா சொன்னோம்? எதிர்த்த வீட்டுக்காரன் தரட்டும், பிறவு நாங்க தாறோம்." எதிர்த்த வீட்டில் போனால் அதே காப்பி, அதே பேச்சு. இடவழியின் வாயில் இருப்பது என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு அத்தான். அவர் ஒருவர் மட்டும், "எல்லாரும் சம்மதிச்சா கடைசி ஆளா நானும் தாறேன் பிள்ளே" என்றார். அன்றைக்கு அதையே பெரிய வாக்காக எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்றாகிவிட்டது. "நீ நில்லு மக்கா" என்று முதலில் சொன்னது அக்காதான். "உன்கிட்ட அளவு குடுக்காத பொம்பள இந்த வார்டுல எவ இருக்கா?" நானும் யோசித்தேன். தையல்காரி வந்து வழி கேட்டால் காப்பி தருவார்கள். மெம்பர் வந்து கேட்டால் வழியே தருவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு விவரம் எனக்கு.

ஓட்டுக் கேட்க நான் ஊரெல்லாம் அலையவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவெடுக்கும்போதே கேட்டேன். கையைத் தூக்கி நிற்கிறவள் எங்கே ஓட முடியும்? எனக்குக் கிடைத்த சின்னம் ஆட்டோ ரிக்‌ஷா. ஆட்டோ நுழையாத இடவழிக்காரிக்கு ஆட்டோ சின்னம் என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் எனக்காக மைக் பிடித்தார். "எங்க வீட்டுப் பிள்ளை ஜெயிச்சா, இந்த வழிக்கு முதல்ல மண்ணு விட்டுத் தாறது நானாக்கும்" என்று கையை ஓங்கிப் பேசினார். கைதட்டல் அடங்க நேரமானது.

ஜெயித்தேன். மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள். மறுவாரமே அத்தான் வீட்டுப் படியில் போய் நின்றேன்.

"நான் தாறது பெரிய காரியமில்ல" என்றார் அத்தான். "நான் தந்தா நாளைக்கு எதிர்த்த வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? மெம்பரு குடும்பம் பயந்து குடுத்துதுன்னு சொல்லுவான். முதல்ல அவனுவ தரட்டும்."

எதிர்த்த வீட்டில் கேட்டேன். "மெம்பருக்க அத்தானே தரல்லியே, நாங்க எதுக்குத் தரணும்?"

முன்பாவது பக்கத்து வீட்டுக்காரி என்று கேட்டேன். இப்போது நான் மெம்பர் என்பதே அவர்களுக்கு ஒரு சாக்கு. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு மெஷினில் ஊசி உடைந்தது.

பஞ்சாயத்து வேலையெல்லாம் செய்யாமலும் இல்லை. தெருவிளக்கு போட்டேன், ஓடை தூர் வாரினேன், ரேஷன் கடை வாசலில் ஒரு கூரை போட வைத்தேன். நாய் குரைக்கிறது என்று கூட வந்து சொன்னார்கள், அதற்கும் போனேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து அக்காவின் நாற்காலியைப் பிடிப்பேன். மெம்பர் தூக்குகிற நாற்காலி என்று வழியில் நின்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சவம், பாராட்டை வைத்துக்கொண்டு வழியைத் தந்தால் என்ன?

இந்த ஆண்டு தொடக்கத்தில் அத்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. கல்யாணம், சாவு, இந்த இரண்டுக்கும் வழி கேட்டால் இல்லை என்று சொல்கிறவன் கிடையாது. கேட்கவும் வேண்டாம். பந்தல் சாமான் வரவேண்டும், சமையல் பாத்திரம் வரவேண்டும், மாப்பிள்ளை கார் வரவேண்டும். கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவன்கூட அன்றைக்கு மண்வெட்டியோடு வந்து தன் கையாலையைத் தானே வெட்டி இறக்கிவிடுவான். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் எங்கள் இடவழியில் நான் வந்தபிறகு நடந்த முதல் பெரிய கல்யாணம் இது. அத்தான் முற்றத்தில் இடம் போதாமல் பந்திப் பந்தலைக் கடைசியில் அக்கா வீட்டு விளையில் போடுவதென்று ஆனது, அதனால் வழி கடைசிவரை வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் மண்வெட்டிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். எதிர்த்த வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலையைச் சரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டிலும் வெட்டு. அத்தான் பக்கமும் வெட்டு. என் வீட்டுக்காரர் எங்கள் பக்கத்தை இறக்கினார். அக்கா வீட்டுக்காரர் ரப்பர் வெட்டை முடித்துவிட்டு வந்து அவர் பக்கத்தைச் சரித்தார். இந்த ஆட்களிடம்தான் நான் இத்தனை காலம் காப்பி குடித்துக் குடித்துக் கெஞ்சினேன். மத்தியானச் சோற்றுக்குள் இடவழி ரோடாகிவிட்டது.

அன்றைக்கு அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். ஆட்டோ நேராக அவள் முற்றத்துக்கு வந்தது. வாசலில் இறங்கி இரண்டு எட்டு வைத்து ஏறி உட்கார்ந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்கு வைத்திருந்ததை. "ஆட்டோ சின்னத்துக்கு ஓட்டுப் போட்டது வீண் போகல்ல மக்கா" என்று மந்திரி மாதிரி இரண்டு பக்கமும் கை காட்டிக்கொண்டே போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

கல்யாணப் பந்தியில் நான் சாப்பிட உட்காரவில்லை. இலை இலையாகப் போய் நின்றேன். "இப்பிடியே கிடக்கட்டும் அண்ணே. எழுதிக் குடுத்துருவோம். வேற ஒண்ணும் வேண்டாம்." பிரதமன் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்துகொண்டே எல்லாரும் தலையாட்டினார்கள். "செய்யலாம் மெம்பரே, செய்யலாம். கொள்ளாம், நல்ல காரியமாக்கும்." நான் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய், ஓவர்சியரை எந்த நாளும் வரச்சொல்லலாம் என்றே சொல்லிவிட்டேன்.

பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்து போனார்கள். பந்தலைப் பிரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் இடவழி வாயில் ஒரு டெம்போ ஹாலோ பிளாக் இறக்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தான் மேற்பார்வை.

"என்ன அத்தான் இது?"

"அதிரு பிள்ளே. மண்ணு கரைஞ்சு போயிருக்கு. கட்டும்போ ஒரேயடியா நல்லதாக் கட்டிருவோம்."

"வழி கிடக்கட்டும்னு எல்லாரும் சொன்னாவளே."

"கல்யாணத்துக்கு விட்டதாக்கும் அது. கல்யாணம் முடிஞ்சுதுல்லா? அது அதுக்க இடத்துல இருக்கணும்."

"அக்காவுக்க சீக்கு முடியல்லியே அத்தான்!" என்று கத்தினேன். கொத்தனார் திரும்பிப் பார்த்தார். அத்தானிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அத்தான் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, மனசோடுதான் சொன்னார்: "நான் மனசாட்சி இல்லாதவன்னு நெனைச்சியா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கு வழி விடாம இருப்பேனா? முதல் வெட்டு வெட்டுறது நானாக்கும்."

அவர் சொன்னது சத்தியம். அக்கா செத்துப்போனால் அரைமணிக்கூறில் எங்கள் இடவழி திறந்துவிடும். உயிரோடு இருக்கிறதுதான் அவள் செய்கிற தப்பு.

அத்தான் கட்டினார் என்று எதிர்த்த வீட்டுக்காரர் கட்டினார். அவர் கட்டினார் என்று அடுத்தவர். மண் கையாலை நின்ற இடத்தைவிட எல்லாருமே கொஞ்சம் வெளியே தள்ளித்தான் நூல் பிடித்தார்கள். நான் ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் போய் நின்று சண்டை போட்டேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் ஓடினேன். "பட்டா நிலம், நாம என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தார். கடைசியில் ஒருநாள் அக்கா வீட்டு முன்னாலும் பிளாக் இறங்கிக் கிடந்தது. அக்கா வீட்டுக்காரரே சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களுமா?"

அவர் நிமிரவில்லை. "எல்லாரும் கட்டிட்டாவ. நான் மட்டும் திறந்து போட்டா நாளைக்கு இது எனக்க இடம்னு சொல்ல என்ன சாட்சி இருக்கு? இவளுக்குப் பார்த்த வைத்தியத்துல இந்த மண்ணு ஒண்ணுதான் மிச்சம்." உள்ளேயிருந்து அக்கா, "விடு மக்கா, அவரைத் திட்டாத" என்றாள். மெம்பர் பதவியைத் தூக்கி அந்தச் சிமெண்டுக்குள் போடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரும் மெல்ல, "நம்ம பக்கம் மட்டும் திறந்து கிடக்கு..." என்று ஆரம்பித்தார். "ஒரு பிளாக் இந்த முற்றத்துல இறங்கட்டும், அதுலயே என்னைப் புதைச்சுருங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆக, எங்கள் இடவழியில் எங்கள் வீட்டு முன்னால் மட்டும் நல்ல அகலம். இந்தப் பக்கமும் வண்டி வராது, அந்தப் பக்கமும் வண்டி போகாது. நடுவில் கொஞ்சம் ரோடு.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்து நின்றது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா வீட்டுக்காரரும் நானும் நாற்காலியைப் பிடித்தோம். நான் முன்னால், நாற்காலிக்கு முதுகு காட்டி, முன்காலிரண்டையும் பிடித்து நடந்தேன். முன்பு மண் கையாலையில் கை உரசினால் பாசிதான் ஒட்டும். இது பூசாத பிளாக், வழியும் முன்னைவிட இடுக்கம். கொஞ்ச தூரத்திலேயே என் விரல்முட்டியெல்லாம் தோலுரிந்துவிட்டது. எரிச்சல் தாங்காமல் நாற்காலியை இறக்கினேன். அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அன்றைக்குக் கிண்டல் பேசக்கூட அவளிடம் தெம்பில்லை.

சத்தம் கேட்டு அத்தான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளே, முடியல்லியா?"

"முடியல்ல. வந்து பிடியுங்க" என்றேன். மரியாதையெல்லாம் பார்க்கிற நிலையில் நானில்லை.

வந்தார். வராமல் இருக்கிற ஆளில்லை அவர். வேட்டியை மடித்துக் கட்டி, நான் பிடித்த இடத்தைப் பிடித்தார். அவர் கை பெரிய கை. அவருடைய சொந்தச் சுவரிலேயே உரசிக்கொண்டு நடந்தார். இரண்டுதரம் "ஸ்ஸ்" என்றார், ஆனால் நாற்காலியை விடவில்லை. அக்காவைக் கட்டிலில் இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, வெளியே வந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டிகளில் ரத்தம். நான் வெள்ளம் ஊற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு விரலாகக் கழுவினார். இப்போதாவது புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன், அத்தான் மனசு இறங்கிவிட்டார், இனி மற்றவர்களைச் சரிக்கட்டிவிடலாம் என்று.

மறுநாள் காலையில் இடவழியில் கொத்தனார் சத்தம் கேட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். உடைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பூசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சுவரில், நாற்காலி தூக்கினால் கை உரசுகிற உயரத்துக்கு மட்டும், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சிமெண்ட் பூசி, பலகையால் வழவழவென்று தேய்த்துக்கொண்டிருந்தார் கொத்தனார். அத்தான் கட்டுப்போட்ட கையால் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்த வீட்டுக்காரர், தன் பக்கத்தையும் இதேபோல் பூசிவிடலாம், அந்தப் பாவத்துக்கு நம்மால் ஆனது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அத்தானுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தொட்டுப் பாரு பிள்ளே" என்றார். "இனி உரசாது."